விதி மாறுகிறது, விலை தருவது யார்?

நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலுமூட்டில் கேரளா ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் இருக்கிறது. 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, மாநில அரசுக்குச் சொந்தமான இந்த ஆலை மூன்று சக்கர வண்டிகளைத் தயாரிப்பது. 2019ஆம் ஆண்டில் இந்த ஆலையின் தொழிலாளர்கள் உருவாக்கிய ‘நீம் ஜி’ என்ற மின் ஆட்டோ, புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் சோதனைகளைக் கடந்து சான்று பெற்றது. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவிக்கப்பட்ட அந்த வண்டிகளில் 25, அடுத்த ஆண்டே நேபாளத்துக்கு அனுப்பப்பட்டன. எல்லையோரச் சிற்றூர் ஒன்றின் பொதுத்துறை ஆலை, தனியார் பெருநிறுவனங்கள் தயங்கி நின்ற துறையில் முன்னே காலடி வைத்தது.

மூன்றே ஆண்டுகளில் அந்தச் சான்றுக்கு அடிப்படையான விதி மாறிவிட்டது. இருசக்கர, மூன்று சக்கர மின் வண்டிகளின் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரநிலையின் கடுமையாக்கப்பட்ட வடிவத்தை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. 2022 டிசம்பர் 1 முதல் ஒரு பகுதியும், 2023 மார்ச் 31 முதல் மறு பகுதியும் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. இத்தரநிலை ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதி எண் 136ஐப் பின்பற்றி எழுதப்பட்டது. ஜெனீவாவில் எழுதப்படும் ஒரு பத்தி, டெல்லி வழியாக ஆறாலுமூட்டின் ஆலை வாசல் வரை வந்து சேர்கிறது.

அங்கிருந்து தெற்கே சென்றால் பாறசாலை. அங்கும், இஞ்சிவிளையிலும், எல்லைக்கு அப்பால் களியக்காவிளையிலும் ஆட்டோ நிறுத்தங்களில் நிற்கும் பழைய டீசல் வண்டிகள் வேறொரு விதி மாற்றத்தின் நிழலில் நிற்கின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் ஜெனீவாவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எஃப்.சி. எடுக்கப் போகும் நாளில், விதி மாறியதற்கான விலை அவர்களுடைய சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஆலையும் ஆட்டோ நிறுத்தமும் எழுப்பும் கேள்வி ஒன்றே. பாதுகாப்புக்காகவும் தூய காற்றுக்காகவும் வாகன விதிகள் மாறத்தான் வேண்டும். ஆனால் பழைய விதியின்படி அரசே சோதித்து ஒப்புதல் அளித்த வண்டியின் நிலை என்ன? மாற்றத்தின் சுமை யார் தோளில் இறங்குகிறது?

ஒப்புதல் என்பது என்ன?

ஒரு வண்டி சாலைக்கு வருமுன் அதன் முன்மாதிரி அரசு அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் சோதிக்கப்படுகிறது. பிரேக், விளக்கு, புகை, இருக்கை, மோதலைத் தாங்கும் வலு முதலிய ஒவ்வொன்றும் விதித்த அளவுக்குள் இருந்தால், அந்த வகை வண்டிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு சான்று தரப்படுகிறது. இதுவே வகை ஒப்புதல். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதி இதற்கு வழி செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110பி பிரிவு, வகை ஒப்புதல் இல்லாத வண்டியை விற்பதையும் பொது இடத்தில் பயன்படுத்துவதையும் தடை செய்கிறது. புனே, மானேசர், சென்னையை அடுத்த ஒரகடம் ஆகிய இடங்களில் உள்ள சோதனைக்கூடங்கள் இப்பணியைச் செய்கின்றன.

இந்தச் சான்றுக்காக விண்ணப்பிப்பவர் தயாரிப்பாளர். வண்டியை வாங்கும் ஓட்டுநர் அச்சான்றைக் கண்ணால் பார்ப்பதும் இல்லை. அரசு ஒப்புக்கொண்ட வண்டி என்ற நம்பிக்கையில்தான் அவர் கடன் வாங்குகிறார், ஆர்.சி. புத்தகம் பெறுகிறார், பல ஆண்டுகள் தவணை கட்டுகிறார். ஆகவே வகை ஒப்புதல் என்பது தயாரிப்பாளருக்கும் அரசுக்கும் இடையிலான வெறும் தாள் அல்ல. உழைப்பாளியின் பிழைப்பு அதன்மேல் நிற்கிறது.

ஜெனீவாவின் மேசை

உலக அளவில் வாகன விதிகளை ஒருமுகப்படுத்தும் பணி ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ், ஜெனீவாவில் கூடும் ஒரு மன்றத்தில் நடைபெறுகிறது. 1952இல் ஒரு பணிக்குழுவாகத் தொடங்கிய இம்மன்றம் இரண்டு முக்கிய உடன்படிக்கைகளை நிர்வகிக்கிறது. 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையில், ஒரு நாடு தரும் ஒப்புதலை அதே விதியை ஏற்றுள்ள மற்ற நாடுகளும் ஏற்க வேண்டும். 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பொதுத் தொழில்நுட்ப விதிகள் உருவாக்கப்படுகின்றன. ஆனால் ஒருவர் தந்த சான்றை மற்றவர் ஏற்கும் கடமை இல்லை. இந்தியா 2006 முதல் இரண்டாவது உடன்படிக்கையில் மட்டுமே உறுப்பினர். ஆயினும் ஐ.நா. விதிகளைப் பின்பற்றி இந்தியத் தரநிலைகளை எழுதுவது வழக்கமாகிவிட்டது. பேட்டரி விதி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கார்களுக்கான மோதல் சோதனை மற்றோர் எடுத்துக்காட்டு.

விதி மாறும்போது பழைய ஒப்புதல்களை என்ன செய்வது என்பதற்கு ஜெனீவாவில் தெளிவான ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு திருத்தத்துடனும் இடைக்கால விதிகள் எழுதப்படுகின்றன. எந்த நாளுக்குப் பின் பழைய விதியின்படி புதிய ஒப்புதல் தரப்படாது, எந்த நாள் வரை முன்பு தந்த ஒப்புதல் ஏற்கப்படும், எந்த மாதிரிகளை மாற்றம் தொடாது என்பவை அதில் வரையறுக்கப்படுகின்றன. விதி மாறியதும் முந்தைய சான்று மறுநாளே செல்லாததாகிவிடுவதில்லை. தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. அந்த மன்றத்தில் உலக வாகனத் தயாரிப்பாளர்களின் அமைப்பு பங்கேற்று, வரைவு நிலையிலேயே தன் கருத்தை வைக்கிறது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

இந்தியாவிலும் அதே முறைதான். முன்புற, பக்கவாட்டு மோதல் சோதனைகள் புதிய கார் மாதிரிகளுக்கு 2017 அக்டோபர் 1 முதல் கட்டாயமாயின. ஏற்கெனவே ஒப்புதல் பெற்று விற்பனையில் இருந்த மாதிரிகளுக்கு 2019 அக்டோபர் 1 வரை இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. இருசக்கர வண்டிகளின் மேம்பட்ட பிரேக் அமைப்புக்குப் புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் 1, பழைய மாதிரிகளுக்கு 2019 ஏப்ரல் 1 எனத் தனித்தனி நாட்கள் குறிக்கப்பட்டன. கார்களில் ஆறு காற்றுப்பைகள் கட்டாயம் என்ற வரைவோ 2022இல் வெளிவந்து, ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டு, 2023இல் கட்டாயமாக்கப் போவதில்லை என்ற அமைச்சரின் அறிவிப்போடு முடிந்தது. பெருநிறுவனங்களுக்கு விதி வளைகிறது, காத்திருக்கிறது, தேவைப்பட்டால் திரும்பியும் போகிறது.

விதி வேண்டாம் என்பது இடதுசாரி நிலை அல்ல

இங்கே ஒரு தெளிவு தேவை. வாகன விதிகள் கடுமையாவதை எல்லாம் ஏழை ஓட்டுநருக்கு எதிரான சதி என்று பேசுவது எளிது. தொழிற்சங்க மேடைகளில் சில வேளை அப்படிப் பேசப்படுவதும் உண்டு. அது தவறான நிலை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு மின்னேற்றத்துக்கு வைத்திருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் அவருடைய சிறுமியான மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அவ்வாண்டு நாட்டின் பல பகுதிகளில் நடந்த இத்தகைய தீ விபத்துகளுக்குப் பிறகே பேட்டரி விதி இறுக்கப்பட்டது. அந்த இறுக்கம் முன்பே வந்திருக்க வேண்டும் என்பதே சரியான விமர்சனம்.

புகை விதியும் அப்படியே. பாறசாலைச் சந்திப்பில் நாள் முழுவதும் டீசல் புகையைச் சுவாசிப்பவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள், சாலையோரக் கடைக்காரர்கள், பேருந்துக்குக் காத்திருக்கும் பெண் தொழிலாளர்கள். கண்ணாடி ஏற்றிய குளிர்சாதனக் காரில் செல்பவர்கள் அல்லர். தூய காற்றுக்கான முதல் கோரிக்கை உழைக்கும் வர்க்கத்தின் கோரிக்கையாகவே இருக்க வேண்டும்.

ஒப்புதல் பெற்றுவிட்டது என்பதாலேயே ஒரு வண்டி குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது. வாடகை வண்டியாகப் பெருமளவில் ஓடிய டவேராவின் கதையே இதற்குச் சான்று. 2013இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா நிறுவனம், 2005 முதல் தயாரித்த சுமார் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகைச் சோதனையில் தேறுவதற்காக நிறுவனத்தின் ஊழியர்களே முறைகேடு செய்திருந்தது அம்பலமானது. 2015இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைப் பொருத்தியிருந்தது உலகெங்கும் வெளிவந்தபோது, இந்தியாவிலும் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. பழைய டவேராவின் புகைக்காக ஓட்டுநரைச் சாலையில் நிறுத்தி அபராதம் விதித்த அரசு, அந்த வண்டிக்குச் சான்று வாங்கிய முறைகேட்டை எட்டு ஆண்டுகள் கண்டுபிடிக்கவில்லை.

எனவே கேள்வி, விதி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. விதி மாற்றத்தின் செலவை எந்த வர்க்கம் ஏற்பது என்பதே கேள்வி.

நீதிமன்றம் சொன்னதும் நிறுவனங்கள் கேட்டதும்

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்குப் பின் பழைய விதி வண்டிகளைத் தயாரிக்கத்தான் தடை, ஏற்கெனவே தயாரித்து வைத்துள்ளவற்றை விற்கத் தடை இல்லை என்று நிறுவனங்கள் வாதாடின. அப்போது அவற்றின் கையிருப்பில் சுமார் 8.24 லட்சம் வண்டிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 40 ஆயிரம் மூன்று சக்கர வண்டிகள். விதி வரப்போவது முன்பே தெரிந்திருந்தும் பழைய வண்டிகளைத் தயாரித்துக் குவித்தவர்கள் அவர்கள். 2017 மார்ச் 29இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. தயாரிப்பாளர்களின் வணிக நலனைவிட மக்களின் ஆரோக்கியம் பெரிது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அடுத்த இரண்டு நாட்களில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். தள்ளுபடிகளை அறிவித்து, ஏப்ரல் 1க்கு முன் கையிருப்பைத் தள்ளிவிட விற்பனைக்கூடங்கள் போட்டியிட்டன. நிறுவனத்தின் நட்டம் குறைந்தது. காலாவதியாகும் விதியின் வண்டியை, அதன் பொருள் என்னவென்று அறியாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்களின் தலையில் வருங்காலச் சுமை ஏறியது.

மூன்று ஆண்டுகளில் அதே நாடகம் மீண்டும் அரங்கேறியது. 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 24லேயே தீர்ப்பளித்தது. அதற்கு முன் ஒன்றிய அரசு, கையிருப்பை விற்றுத் தீர்க்கப் பல மாத அவகாசத்தை விதியிலேயே எழுதி வைத்திருந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தயாரிப்பாளருக்குக் கூடுதல் நாள் கேட்டு நிற்பது ஒன்றிய அரசாகவே இருந்தது.

ஓட்டுநருக்கு மட்டும் அவகாசம் இல்லை

இனி வண்டி வாங்கியவரின் பக்கம். சட்டத்தின் அடிப்படை நியாயமானது: ஒரு வண்டியை அது தயாரிக்கப்பட்ட நாளின் விதியால் அளக்க வேண்டும். புகைச் சோதனையில்கூட, தயாரிப்பு ஆண்டுக்கும் புகை விதிக்கும் ஏற்ப வெவ்வேறு வரம்புகளை 115ஆம் விதி வகுத்துள்ளது. 2008இல் ஒப்புதலோடு வந்த ஆட்டோவை 2020ஆம் ஆண்டின் வரம்பால் அளந்து தோல்வி என்று சொல்ல முடியாது.

இந்த நியாயம் கட்டணத்தின் வழியாகக் கொல்லைப்புறத்தில் கொல்லப்படுகிறது. 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் என்று வந்த விதியில், 15 ஆண்டு கடந்த மூன்று சக்கர வண்டியின் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க 3,500 ரூபாய், கனரக வண்டிக்கு 12,500 ரூபாய் என்று எழுதப்பட்டது. 2025 நவம்பர் அறிவிப்பில், 20 ஆண்டு கடந்த மூன்று சக்கர வண்டிக்கு 7,000 ரூபாயும், கனரக வண்டிக்கு 25,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. சோதனையின் செலவுக்கு இந்தத் தொகை தேவைப்படவில்லை. புதிய வண்டியைச் சோதிக்கும் கருவிதான் பழைய வண்டியையும் சோதிக்கிறது. சோதனையில் தேறக்கூடிய வண்டியையும் உரிமையாளரே கைவிடும்படி நெருக்குவதுதான் இக்கட்டணத்தின் நோக்கம். சட்டத்தால் ரத்து செய்ய முடியாத ஒப்புதலைக் கட்டணத்தால் ரத்து செய்கிறார்கள்.

தலைநகரைச் சுற்றியுள்ளவர்கள் இதற்கு முன்பும் இந்த அதிர்ச்சியைக் கண்டவர்கள். 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு நகரங்களில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்து ஆணையிட்டது. நெய்யாற்றின்கரை வட்டத்திலிருந்து தலைநகருக்குக் காய்கறியும் மீனும் செங்கல்லும் ஏற்றிச் செல்வோர் ஒரே நாளில் திகைத்து நின்றனர். விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் சென்று தடையாணைகள் வந்த பிறகே பதற்றம் தணிந்தது. அப்போதும் எவரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: அந்த டீசல் வண்டிகளை விற்று லாபம் பார்த்த நிறுவனங்கள், மாற்றத்துக்கு ஒரு ரூபாயாவது தந்தனவா?

தயாரிப்பாளரின் பொறுப்பு சட்டத்தில் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. பழுது நீக்கித் தருவது, மாற்று வண்டி தருவது, முழு விலையைத் திருப்பித் தருவது ஆகியவை அதில் கூறப்பட்டுள்ளன. 182ஏ பிரிவின்படி தயாரிப்பாளருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் திரும்ப அழைக்கும் விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளோடு நின்றுவிடுகின்றன. பெரும்பாலான பழைய ஆட்டோக்களும் சிறு லாரிகளும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. அபராதத் தாள் மட்டும் வயது பார்ப்பதில்லை.

ஒரே ஒப்புதல், இரண்டு மாநிலங்கள்

எல்லைக் கிராமங்களில் இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. பாறசாலையின் வண்டிகள் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் வண்டிகள் கே.எல். 20; மார்த்தாண்டத்தில் பதிவானவை டி.என். 75. மூன்று பதிவெண்களில் ஓடும் ஒரே வகை ஆட்டோவுக்கு வகை ஒப்புதல் ஒன்றுதான். அது இந்தியா முழுவதும் செல்லும். ஆனால் 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் என்று கோடு கிழிக்கப்பட்ட பிறகு, வண்டியின் பர்மிட் அந்தக் கோட்டில் நின்றுவிடுகிறது. ஒரு மாநிலம் தந்த பர்மிட், மறு மாநிலத்தின் மேலொப்பம் இல்லாமல் அங்கே செல்லாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு கூறுகிறது.

சொந்தபந்தம், சந்தை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் கோட்டின் இரு பக்கமும் விரவிக் கிடக்கும் ஊர்கள் இவை. களியக்காவிளைச் சந்தைக்குப் போகும் பாறசாலைக்காரர் வேறு நாட்டுக்குப் போவதாக எண்ணுவதில்லை. ஆட்டோ ஓட்டுநர் மட்டும் கோட்டைக் கடந்தால் அபராதம் என்ற அச்சத்தில் திரும்புகிறார். பழைய வண்டியை மார்த்தாண்டத்தில் வாங்கிப் பாறசாலைக்குக் கொண்டுவந்தால் தடையில்லாச் சான்று, புதிய வரி, புதிய பதிவெண் என்று அலைச்சல் தொடர்கிறது. சோதனைக்கூடம் தந்த சான்றை இரு மாநிலங்களும் ஏற்கும்போது, உழைப்பாளியின் ஓட்டத்தை மட்டும் இரு மாநிலங்களும் ஏற்காதிருப்பது முரண்பாடு.

மொழியும் ஒரு தடையாகிறது. எல்லையோரத்தில் தமிழ் பேசும் குடும்பங்களில் பலர் தமிழில் மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள். விதி மாற்ற அறிவிப்புகளோ ஒன்றிய அரசிதழில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர்க்கு அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை அங்கீகரித்துள்ளது. வண்டி பற்றிய அறிவிப்பும் அந்த உணர்வோடு அவர்களை எட்ட வேண்டும். இன்று அது இடைத்தரகர் வழியாக, தரகுக் கூலியுடன் எட்டுகிறது.

பொதுத்துறைக்கு இரு பக்கமும் அடி

விதி மாற்றம் பொதுத்துறையை இரண்டு வகையில் தாக்குகிறது. தயாரிப்பாளராக இருக்கும்போது முதல் அடி. ஒரு புதிய பேட்டரி விதிக்கு ஏற்ப வடிவமைப்பை மாற்றி, மீண்டும் சோதித்து, மீண்டும் சான்று பெறும் செலவு, ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வண்டி விற்கும் தனியார் நிறுவனத்துக்கு ஒரு வண்டிக்குச் சில ரூபாய்களாகக் கரைந்துவிடும். சிறு எண்ணிக்கையில் தயாரிக்கும் ஆறாலுமூட்டு ஆலைக்கு அதே செலவு ஒவ்வொரு வண்டியின் விலையிலும் கல்லாக ஏறும். சமமான விதி சமமற்றவர்களுக்குச் சமமாக இருப்பதில்லை. சந்தையில் சிறியவை ஒதுங்கிப் பெரியவை மட்டும் மிஞ்சுவதற்குத் தொழில்நுட்ப விதியும் ஒரு கருவியாகிறது.

போக்குவரத்து நடத்துபவராக இருக்கும்போது இரண்டாவது அடி. 2023 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட 52ஏ விதியின்படி, அரசுக்கும் அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் சொந்தமான வண்டிகளின் பதிவு 15 ஆண்டுக்குப் பின் புதுப்பிக்கப்படாது. அவை உடைக்கப்பட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. அதே வயதுள்ள தனியார் பேருந்து, தகுதிச் சோதனையில் தேறினால் ஓடலாம் என்று ஒன்றிய விதி அனுமதிக்கிறது. ஒரே மாதிரி, ஒரே ஒப்புதல், ஒரே வயது. முதலாளியின் பேருந்து ஓடுகிறது, மக்களின் பேருந்து உடைக்கப்படுகிறது. மாற்றுப் பேருந்து வாங்க ஒன்றிய அரசு ஈடான நிதி தராத நிலையில், நெய்யாற்றின்கரை, பாறசாலை பணிமனைகளை நம்பியிருக்கும் உள்ளூர்த் தடங்களின் பயணிகளே இதன் விலையைத் தருகிறார்கள். கடைசிப் பேருந்து நின்றுபோன ஊரில், மக்கள் எந்த விதியும் தொடாத வண்டிகளில் தொற்றிக்கொண்டுதான் செல்வார்கள்.

கோரிக்கைகள் தெளிவாக வேண்டும்

முதலாவதாக, 15, 20 ஆண்டு கடந்த வண்டிகளின் தகுதிச் சான்றுக்கு விதித்துள்ள தண்டனைக் கட்டணங்கள் திரும்பப் பெறப்பட வேண்டும். சோதனை கண்டிப்பாக நடக்கட்டும். தேறாத வண்டி நிற்கட்டும். தேறிய வண்டியைக் கட்டணத்தால் கொல்லக் கூடாது.

இரண்டாவதாக, மாற்றத்தின் செலவில் தயாரிப்பாளருக்குக் கட்டாயப் பங்கு வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பயன்பாட்டுக்காலம் முடிந்த வாகனங்களுக்கான விதிகள், உடைக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது முதன்முறையாகச் சுமத்தியுள்ளன. அது போதாது. சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவர் பழையதை ஒப்படைத்து மின் வண்டிக்கு மாறும்போது, விலையில் ஒரு பங்கை நிறுவனமும் ஒரு பங்கை ஒன்றிய அரசும் ஏற்க வேண்டும். எஞ்சியதற்குக் குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் கிடைக்க வேண்டும். திரும்ப அழைக்கும் விதியின் ஏழாண்டு வரம்பு வணிக வண்டிகளுக்கு நீக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, விதி எழுதும் குழுக்களில் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு இணையாகப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கங்களுக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு விதி மாற்றத்துடனும், ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கும் அவற்றை நம்பியிருப்போர்க்கும் என்ன இடைக்கால ஏற்பாடு என்பது அதே அறிவிப்பில் எழுதப்பட வேண்டும். கார் நிறுவனத்துக்கு இரண்டு ஆண்டு தர முடிந்த அரசால் ஆட்டோ ஓட்டுநருக்கும் அது முடியும்.

நான்காவதாக, பொதுத்துறை வாகன ஆலைகளின் மறுசோதனைச் செலவை ஏற்கப் பொது நிதி ஒதுக்கப்பட வேண்டும். 52ஏ விதியில், மாற்றுப் பேருந்துக்கு நிதி தராமல் பழையதை உடைக்கச் சொல்லும் நிலை நீக்கப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, களியக்காவிளை எல்லையின் இரு பக்கமும் குறிப்பிட்ட தொலைவுக்குள் ஆட்டோக்களும் சிறு சரக்கு வண்டிகளும் இரு மாநில மேலொப்பத்துடன் ஓடும் எல்லைப்புற ஏற்பாட்டைக் கேரளமும் தமிழகமும் பேசி முடிக்க வேண்டும். 88ஆம் பிரிவே மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்துக்கு இடம் தருகிறது. விதி மாற்ற அறிவிப்புகள் எல்லையோர அலுவலகங்களில் மலையாளத்துடன் தமிழிலும் வைக்கப்பட வேண்டும்.

கிளைகளின் கடமை

இக்கோரிக்கைகள் தாளில் இருந்தால் போதாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பகுதிகளின் கட்சிக் கிளைகள் ஆட்டோ நிறுத்தம் தோறும் வண்டிகளின் வயது, எரிபொருள், கடன் நிலை, எஃப்.சி. முடியும் நாள் ஆகியவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். எந்தக் கட்டணம் எவரை எப்போது தாக்கும் என்பது கையில் இருந்தால்தான் போராட்டத்துக்குக் காலும் கையும் கிடைக்கும். இரு மாநிலச் சங்கங்களும் கூட்டாக அமர்ந்து பேச வேண்டும். கே.எல். வண்டிக்காரரும் டி.என். வண்டிக்காரரும் சவாரிக்காக ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்திருக்கும் வரை, இருவரையும் ஒரே கட்டண அட்டவணையால் பிழிபவர்களுக்குக் கவலை இல்லை.

ஆறாலுமூட்டு ஆலைத் தொழிலாளரையும் பாறசாலை ஆட்டோ ஓட்டுநரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவதும் இயக்கத்தின் பணி. ஒருவர் புகையில்லா வண்டியைச் செய்யக் கற்றவர். மற்றவர் அதை ஓட்டக் காத்திருப்பவர். இருவருக்கும் இடையே நிற்பது தொழில்நுட்பம் அல்ல. மூலதனமும் அதற்கு ஏவல் செய்யும் அரசும்தான். தூய காற்று வேண்டும், பாதுகாப்பான வண்டி வேண்டும், அவற்றின் விலையை லாபம் கண்டவர்கள் தர வேண்டும் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் இயக்கமே எல்லைக் கோட்டின் இரு பக்கமும் எழ வேண்டும்.